பாத்தாச்சு

குதிரைக்காரருக்கு ரெண்டு சம்சாரம் என்று அந்தத் தெருவில் வேடிக்கையாகச் சொல்வார்கள். ஒருத்தி வீட்டுக்குள்ளே தையல் மிஷின் மிதிக்கிறவள். இன்னொருத்தி பின்பக்கத்து லாயத்தில் நின்றபடி கேரட் தின்கிறவள். நாலு கால், நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பெயர் மகாராணி. இந்த வேடிக்கையை முதலில் கிளப்பிவிட்ட புண்ணியவதி அடுத்த வீட்டு நாத்தனார்தான். மதில் மேல் கையை ஊன்றிக்கொண்டு, "அண்ணி, உங்க சக்களத்தி சாப்பிட்டாளா?" என்று கேட்பாள். தையல்காரியும் சிரிப்பாள். சிரித்துவிட்டு உள்ளே போய் அவள் மிஷினை மிதிக்கிற மிதியில் ஊசி உடையும்.

சிரிக்கிற விஷயமா அது? வயிறு எரிகிற விஷயம். மழை தூறினால் மனுஷர் முதலில் ஓடுவது லாயத்துக்கு. கொடியில் கிடக்கிற துணி நனைந்தால் நனையட்டும். இவளுக்குக் காய்ச்சல் வந்தால் வாசற்படியில் நின்றபடியே "மாத்திரை போட்டியா?" என்பார். அது ஒரு தடவை செருமினால் போதும், மாட்டு டாக்டர் வீட்டு வாசலில் இவர் நிற்பார். மகாராணி போர்த்துகிற போர்வையைக்கூட இவள்தான் தைத்தாள், ஓரத்துக்குச் சிவப்பு நாடா வைத்து. நாடா வைக்கச் சொன்னவர் அவர்.

வாயைத் திறந்து குறை சொல்லவும் வழியில்லை. குதிரையேற்றம் கற்றுக்கொடுப்பதுதான் அவர் தொழில். அடுப்பு எரிவது பாதி இவள் மிஷினால் என்றால் மீதி மகாராணியின் முதுகால். வாரக் கடைசியில் பக்கத்து ஊர் மைதானத்தில் வகுப்பு நடக்கும். அங்கே குதிரையை வாடகை லாரியில் ஏற்றிப் போவார். ஒரு நாள் லாரிக்காரன் பிரேக் போட்ட போட்டில் அது சரிந்து விழுந்து முழங்காலில் தோல் உரிந்து வந்தது. அன்றைக்கு ஆரம்பித்தது டிரெய்லர் பேச்சு.

டிரெய்லர் என்றால் ஜீப்புக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற பெட்டி. உள்ளே ஒரு குதிரை நின்றுகொண்டே வரலாம். பழைய வண்டிகளை வாங்கி விற்கிற கடை ஒன்றில் அதைப் பார்த்துவிட்டு வந்தவருக்குச் சோறு இறங்கவில்லை.

"வாரண்டியோட தர்றாரு. பழசுக்கு யாரு வாரண்டி தருவா, நீயே சொல்லு?"

"நம்ம மெத்தைக்கும்தான் வாரண்டி இருந்துச்சு. நடுவுல குழி விழுந்து எவ்ளோ காலமாச்சு. படுத்தா கிணத்துல விழுந்த மாதிரி இருக்கு."

"மெத்தை எங்க ஓடிப்போகுது? அடுத்த மாசம் பாக்கலாம்."

"அடுத்த மாசம் அதுக்குக் கிரீடம் வாங்கணும்னு வந்து நிப்பீங்க."

அவர் சிரித்தார். மகாராணிக்குக் கிரீடம் வைத்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துச் சிரித்த சிரிப்பு அது. இவளுக்குத் தெரியாதா?

டிரெய்லர் வந்த அன்று காலையிலிருந்தே வானம் மூடிக்கிடந்தது. கடை ஆள் கொண்டுவந்து வாசலில் விட்டுவிட்டுப் போனான். தெருவே கூடிவிட்டது. குதிரைக்காரர் புது மாப்பிள்ளை மாதிரி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார். கொக்கியை இழுத்துப் பார்த்தார், டயரைத் தட்டினார், அடுத்த வீட்டுத் தங்கச்சியை ஜீப்பில் உட்காரவைத்துப் பிரேக்கை அழுத்தச் சொல்லிப் பின்விளக்கைப் பார்த்தார். சட்டையில் சேறு அப்பும்படி மல்லாந்து படுத்து அடியில் நுழைந்தார். அடிப்பாகம் முழுக்கப் புதுத் தார் பூசி, கன்னங்கரேலென்று பளபளத்தது.

"பாத்தியா, அடிப்பக்கம் புதுசு கணக்கா இருக்கு!"

அந்த நேரம் பார்த்து லாயத்திலிருந்து மகாராணி கனைத்தது. கூட்டத்தைக் கண்டு மிரண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான், மனுஷருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. காதில் ஃபோனை வைத்தபடியே ஓடினார்.

"இந்தா, கடைக்காரர் லைன்ல இருக்காரு, பாத்துட்டுச் சொல்லச் சொல்றாரு. உள்ள போயி ரப்பர் பாயைத் தூக்கிப் பலகையைப் பாத்துடு. எங்கயாவது மெத்துனு அமுங்குதான்னு மிதிச்சுப் பாரு, சரியா?"

இவள் துடைப்பத்தோடு சாய்வுப் பலகையில் ஏறி உள்ளே போனாள். அந்தப் பெட்டி அவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. தரைக்குக் கட்டைவிரல் தடிமனில் ரப்பர் பாய், இரண்டு துண்டாகச் சேர்த்துப் போட்டது. சுவர் நெடுக உள்ளே பஞ்சு வைத்து, மேலே தோல் போலொரு துணி போர்த்தி, இரட்டைத் தையல் ஓட்டியிருந்தார்கள். தையல்காரி அல்லவா, விரலால் தடவிப் பார்த்தாள். ஓர் இழைகூடப் பிரியவில்லை. கட்டிலில் படுக்கிறவளுக்குக் குழி, லாயத்தில் நிற்கிறவளுக்குப் பஞ்சணையா என்று நினைத்தாள். 

வெளியே அவர் குரல் கேட்டது. "வாடி தங்கம், பயப்படாதே. உனக்கு வீடு வந்துடுச்சு பாரு."

தங்கம்! கல்யாணமான புதிதில் அந்தச் சொல் இவளுடையது. மிஷினில் உட்கார்ந்திருந்தால் பின்னால் வந்து நின்று கூப்பிடுவார். அது எப்போது லாயத்துக்குக் குடிபோனது என்று இவளுக்கே தெரியாது.

"பாத்தாச்சா?" என்று கத்தினார்.

பாயின் ஓரத்தைக் காலால் நெம்பிப் பார்த்தாள். கனத்தது. குனிந்து இரண்டு கையாலும் தூக்க வேண்டும். நான் ஏன் அதற்குக் குனிய வேண்டும்?

"பாத்தாச்சு," என்றாள்.

அவர் ஃபோனில் சொன்னது தெளிவாகக் கேட்டது. "பாத்தாச்சு சார், வீட்டுல பாயைத் தூக்கிப் பாத்துட்டாங்க. பலகை எல்லாம் கல்லாட்டம் இருக்கு."

கல்லாட்டம் என்று இவள் சொல்லவே இல்லை. திருத்தவும் இல்லை.

மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு வாரக் கடைசியும் டிரெய்லர் போனது, வந்தது. அவர் போகும்போது கையசைப்பார். இவள் நூல் கோப்பதுபோலக் குனிந்துகொள்வாள். வகுப்புக்குப் பிள்ளைகள் கூடினார்கள். "ராசியான வண்டிடி," என்றார். நாத்தனார்கூட, "அண்ணி, சக்களத்திக்குத் தனி வீடு வெச்சுக் குடுத்த முதல் ஆள் நீங்கதான்," என்றாள். அன்றைக்கு மட்டும் தையல்காரி சிரிக்கவில்லை. போய் வேலையைப் பாரு என்றாள்.

ஒரு சனிக்கிழமை, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளைப் பக்கத்து ஊரில் கொடுக்க வேண்டியிருந்தது. அவர் ஜீப்பில் வரச் சொன்னார். சரி, இருவருமாகப் பேசிக்கொண்டே போகலாம் என்று இவளும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு ஏறினாள். எங்கே பேசுவது? வழி நெடுக அவர் கண் கண்ணாடியில் இருந்தது. கண்ணாடியில் தெரிவது டிரெய்லர்.

"நேரா பாத்து ஓட்டுங்க. அது எங்கயும் இறங்கி ஓடிடாது."

"வளைவுல அவளுக்குப் பிடிமானம் இருக்காதுடி. அதான்."

"எனக்கும்தான் இல்ல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கேன்."

அவர் பதில் சொல்ல வாயெடுத்தபோது பின்னால் பாறாங்கல் விழுந்ததுபோல ஒரு சத்தம். ஜீப் குலுங்கியது. கூடவே மகாராணியின் குரல். அது கனைப்பு இல்லை. பக்கத்தில் வந்த மோட்டார் சைக்கிள்காரன் ஒரு கையை விட்டுவிட்டு, "கால்! கால்! நிறுத்துங்க!" என்று அலறினான்.

மகாராணியின் பின்னங்கால் தளத்தைப் பிய்த்துக்கொண்டு கீழே இறங்கி, ரோட்டில் உரசிக்கொண்டு வந்திருந்தது.

அவர் முன்பக்கத்துச் சின்னக் கதவால் உள்ளே பாய்ந்து அதன் தலையைக் கட்டிக்கொண்டார். இவள் பின்பக்கப் பலகையை இறக்கினாள். இரண்டு பாய்களும் சேருகிற இடத்தில் கால் உள்ளே போயிருந்தது. பாயைப் பிடித்து இழுத்தாள். அன்றைக்குக் கனத்த பாய் இன்றைக்கு ஒரே இழுப்பில் வந்தது. கீழே பலகை என்று ஒன்று இருந்தால்தானே! தொட்ட இடமெல்லாம் பாலில் ஊறின ரொட்டி மாதிரி கையோடு வந்தது. மேலே பாய் மூடிக்கொண்டிருந்தது, கீழே தார் பிடித்துக்கொண்டிருந்தது. நடுவில் வெறும் மக்கு.

ரோட்டில் போனவர்களெல்லாம் ஓடிவந்தார்கள். யாரோ ஜாக்கிக் கம்பியால் மிச்சப் பலகையை உடைத்து, யாரோ வயிற்றுக்கடியில் தோள் கொடுத்து, ஒருவழியாகக் காலை மேலே எடுத்தார்கள். மனுஷர் மகாராணியின் கன்னத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். "தங்கம், என் தங்கம், ஒண்ணுமில்லடி."

வெட்கக்கேடுதான், ஆனாலும் உண்மை: அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் வந்தது பொறாமை. நான் ரோட்டில் விழுந்து கிடந்தால் இப்படி அழுவாரா? அப்புறம்தான் தன் கையைப் பார்த்தாள். விரலெல்லாம் மக்கின மரத்தூள். 

டாக்டர் ரோட்டோரத்திலேயே ஊசி போட்டார்.

"எலும்பு தப்பிச்சுது. ஆனா குளம்புக்கு மேல சதை போயிடுச்சு, நரம்பு வெளிய தெரியுது. சீழ் வெக்காம ஆறினா நிக்கும்."

"வெச்சா?" என்றார் குதிரைக்காரர்.

"நிக்க முடியாத குதிரையை வெச்சிருந்து அதைச் சித்திரவதை பண்ண முடியாதுங்க. கட்டுத் துணியை மட்டும் ஒழுங்கா மாத்துங்க. இப்ப அதுக்கு மேல என்னால சொல்ல முடியாது."

கட்டு மாற்ற அவருக்குக் கை ஓடவில்லை.  "தள்ளுங்க," என்று இவள்தான் உட்கார்ந்தாள். வெந்நீரில் உப்புப் போட்டுக் கழுவி, மருந்து தடவி, துணியைச் சுருக்கம் விழாமல் சுற்றினாள். மகாராணி உதைக்கவில்லை. வலி தாங்காமல் உடம்பின் பாரத்தையெல்லாம் இவள் தோளில் சாய்த்தது. மூச்சு கழுத்தில் பட்டது. பொய் சொன்னவள் கழுத்து இதுதான் என்று தெரிந்துதான் சாய்கிறதோ என்னவோ. சொல்லிவிடலாமா என்று நினைப்பாள். அவர் முகத்தைப் பார்த்ததும் வாய் ஒட்டிக்கொள்ளும்.

கடைக்காரர் ஃபோனில் பிடிகொடுக்கவில்லை. நாத்தனாரை லாயத்தில் காவல் வைத்துவிட்டு இருவரும் நேரில் போனார்கள். தகரக் கொட்டகைக்கடியில் பழைய வேன்களும் டிராக்டர்களும் வரிசையாக நின்றன. கடைக்காரர் பருத்த ஆள், மரியாதை தெரிந்தவர். ஃபேனை இவர்கள் பக்கம் திருப்பிவிட்டு டீ வரவழைத்தார். அதன் பிறகு பேச ஆரம்பித்தார்.

"கேள்விப்பட்டதுலருந்து மனசே சரியில்ல சார். வாயில்லா ஜீவன். ஆனா வாரண்டின்னு வந்துட்டா பேச்சு பேச்சா இருக்கணும். மறைஞ்சு இருந்த குறைன்னா என் பொறுப்பு. பாத்து ஒத்துக்கிட்ட குறைன்னா உங்க பொறுப்பு. இதை அன்னிக்கே சொல்லித்தானே வித்தேன்?"

"தளம் மக்கிக் கெடந்தது மறைஞ்ச குறைதானே?"

"எப்படி மறையும்? பாயைத் தூக்கினா பல்லை இளிச்சிடுமே! தூக்கிப் பாத்தாச்சு, கல்லாட்டம் இருக்குன்னு நீங்கதானே ஃபோன்ல சொன்னீங்க? அன்னிக்குக் கல்லு, இன்னிக்கு மக்கு. நடுவுல உங்க குதிரை மூத்திரம் பெஞ்சிருக்கும், மழை பெஞ்சிருக்கும். அதுக்கு நான் என்னங்க பண்ணுவேன்?"

குதிரைக்காரர் டீயைத் தொடாமல் வைத்தார்.

"இவ பாத்தா சார். ஒரு தையல் பிசகினாலும் முழுச் சட்டையையும் பிரிச்சுப் போடறவ. இவ பாத்து நல்லா இருக்குன்னா, நல்லாதான் இருந்திருக்கும்."

"அதைத்தானே நானும் சொல்றேன்."

"அப்ப என் தப்புதான். நான்தான் கழுவிட்டுச் சரியா காய விடல போல." அவர் மெல்ல எழுந்தார். முழங்காலில் கையை ஊன்றி, கிழவர்போல எழுந்தார்.

அவர் ஏசியிருந்தால்கூட இவள் தாங்கியிருப்பாள். தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு எழுந்ததுதான் தாங்கவில்லை.

"நான் பாத்தாச்சுன்னுதான் சொன்னேன்," என்றாள். "பாத்தேன்னு சொல்லலையே."

கடைக்காரர் சிரித்துவிட்டார். "ரெண்டும் ஒண்ணுதானே அக்கா?"

"எப்படி ஒண்ணாகும்? பாத்தேன்னா நான் பாத்தேன். பாத்தாச்சுன்னா... யாரோ பாத்தாங்க. யாருன்னு அதுல இல்ல."

டீ கொண்டுவந்தவரும் சிரித்தார். குதிரைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"அப்ப யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல. நான் பாயைத் தூக்கவே இல்ல."

"ஏன்?"

"பிடிக்கல."

"என்ன பிடிக்கல?"

"அந்தப் பெட்டி அவ்ளோ நல்லா இருந்தது பிடிக்கல. போதுமா?" கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் கடைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"இப்படி இப்ப மாத்திப் பேசினா எப்படிக்கா?" என்றார் அவர், பழைய சிரிப்பில்லாமல்.

"உங்ககிட்ட காரியம் ஆகறதுக்கா புருஷன் எதிர்ல என் மானத்தை நானே வாங்கிப்பேன்? நான் பாக்காதது என் தப்பு. அதை நான் வீட்டுல போயி அனுபவிச்சுக்கறேன். ஆனா மேல பாயைப் போட்டு கீழ தாரைப் பூசினது யாரு? பூசறதுக்கு முன்னாடி பலகை எப்படி இருக்குன்னு நீங்க பாத்தீங்களா?"

"அதெல்லாம் பட்டறையிலயே பாத்தாச்சு..." என்று ஆரம்பித்த கடைக்காரர் பாதியில் நிறுத்திக்கொண்டார்.

"யாரு பாத்தா?" என்றாள்.

கடைக்காரர் பட்டறைப் பக்கம் திரும்பினார். தார் பீப்பாய்க்குப் பக்கத்தில் நின்றிருந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தரும் நான் என்று சொல்லவில்லை. 

"வண்டியை அனுப்பிடுங்க," என்றார் கடைக்காரர் கடைசியில். "தளத்தைப் புதுசா போட்டுத் தர்றேன். வைத்தியச் செலவையும் நான் ஏத்துக்கறேன்."

ஜெயித்துவிட்டு வருகிறவர்கள் மாதிரியா வந்தார்கள்?  பின்னால் டிரெய்லர் இல்லை, இருந்தும் அவர் கண்ணாடியைப் பார்த்தார், பழக்கதோஷம். பாதி வழியில் வண்டியை ஓரங்கட்டினார்.

"பிடிக்கலன்னா நீயே போய்ப் பாருன்னு என் மூஞ்சில அடிச்ச மாதிரி சொல்லியிருக்கலாமே. நான் பாத்திருப்பேனே."

"நீங்க எல்லாத்தையும் பாப்பீங்க. அதோட குளம்பைப் பாப்பீங்க, பல்லைப் பாப்பீங்க, வாலைச் சீவிப் பாப்பீங்க. என்னை எப்பப் பாத்தீங்க?"

"உன்னைப் பாக்காம வேற யாரை..."

"நேத்து நான் என்ன சேலை கட்டியிருந்தேன்?"

அவர் கண்ணாடியைத் துணியால் துடைத்தார். 

"சிவப்பு நாடா வெச்ச போர்வை ஞாபகம் இருக்குமே? அது நான் தைச்சது."

"அவ ஒரு மிருகம்டி."

"தெரியும். அதான் கேவலமா இருக்கு. ஒரு பொம்பளைன்னாலும் நாலு பேர்கிட்ட சொல்லி அழலாம். குதிரைமேல பொறாமைன்னு போயி யார்கிட்ட அழறது?"

 "அவ கால் போயிருந்தா உன்னை மன்னிச்சிருப்பனான்னு எனக்கே தெரியல," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. ஜீப்பைக் கிளப்பினார்.

அப்புறம் வீட்டில் தேவைக்கு மட்டும் பேச்சு. சாப்பாடு வைத்தால் சாப்பிட்டார். நாத்தனார் மதில் மேல் கை ஊன்றினாலும் கிண்டலை மட்டும் விட்டுவிட்டாள். தையல்காரி காலையிலும் மாலையிலும் கட்டு மாற்றினாள். சீழ் வைக்கவில்லை. ஓரத்தில் மெல்ல ரோஜா நிறத்தில் சதை கூடிவந்தது. ஒரு நாள் துணியை அவிழ்க்கும்போது மகாராணி நெளிந்தது.

"அவளுக்கு வலிக்குது போல. வெந்நி இன்னும் கொஞ்சம் ஆறட்டும்," என்றாள்.

அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இத்தனை வருஷத்தில் இவள் வாயிலிருந்து 'அது' என்றல்லாமல் 'அவள்' என்று அவர் கேட்டதில்லை. பச்சைத் தண்ணீர் கொண்டுவரப் போனார்.

புதுத் தளத்தோடு டிரெய்லர் திரும்பி வந்தபோது மகாராணி லேசாக விந்தி விந்தி நடக்கத் தொடங்கியிருந்தது. பெட்டியைப் பார்த்ததும் அதற்கு உடம்பெல்லாம் நடுங்கியது. சாய்வுப் பலகையில் முன்னங்காலை வைக்கும், எடுக்கும். அவர் கேரட்டைக் காட்டினார், கொஞ்சினார், கெஞ்சினார். அசையவில்லை.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. தையல்காரி சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே ஏறினாள். முதல் பாயை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரில் சாய்த்தாள். அடுத்ததையும் தூக்கினாள். மூச்சு வாங்கியது. ஒவ்வொரு பலகை மேலும் ஏறி நின்று குதித்தாள். கத்தரிக்கோல் முனையால் குத்திப் பார்த்தாள். மரம் திண்ணென்று சத்தம் கொடுத்தது. வெளியே மகாராணி காதைத் திருப்பி அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றது.

"பாத்தாச்சா?" என்றார் அவர். வாயில் பழக்கமாக வந்துவிட்டது. சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"நான் பாத்தேன்," என்றாள் இவள் உள்ளிருந்து. "ஒரு பலகை விடாம நான் பாத்தேன்."

 முதல் தூறல் தகரத்தில் விழுந்தது. கயிற்றைப் பிடித்தபடி அவர் கீழே நின்றார், பக்கத்தில் மகாராணி.

"மழை வருது. நனையாம இறங்கி வா, தங்கம்."

மகாராணி காதை விடைத்துக்கொண்டு அவரைத் திரும்பிப் பார்த்தது.

"உன்னை இல்லடி," என்றாள் தையல்காரி, பெட்டிக்குள்ளிருந்து.